செருகு வாட் மீட்டர்: யூனிட்டில் நம்பலாம், பணத்தில் நம்ப வேண்டாம்

சில மாதங்களுக்கு முன் வந்த மின் கட்டணச் சீட்டில், யூனிட் எண்ணிக்கை முந்தைய முறையைவிட மூன்றில் ஒரு பங்கு அளவே கூடியிருக்க, செலுத்த வேண்டிய தொகை மட்டும் பாதிக்கும் மேல் கூடியிருந்தது. மீட்டர் பழுது என்றார் ஒருவர், ஃபிரிட்ஜ் பழையது என்றார் இன்னொருவர், பிள்ளைகள் விளக்கை அணைப்பதே இல்லை என்று வீட்டிற்குள்ளேயே ஒரு தீர்ப்பும் வந்தது. யாருடைய கூற்றுக்கும் அளவு என்று ஒன்று இல்லாததால், சாக்கெட்டுக்கும் சாதனத்தின் பிளக்குக்கும் இடையில் செருகும் சிறிய வாட் மீட்டர் ஒன்றை வாங்கி ஏறத்தாழ மூன்று மாதம் பயன்படுத்தினேன். அந்தக் கருவியைப் பற்றிய மதிப்பீடு இது. ஒரே அச்சில் வார்த்து வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் வகை என்பதால் பெயரைச் சொல்வதில் பயனில்லை. இந்த வகைக் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதே வாங்க நினைப்பவருக்குத் தேவை.

கருவி உள்ளங்கையில் அடங்கும். பின்புறம் சாக்கெட்டில் நுழையும் ஊசிகள், முன்புறம் சாதனத்தைச் செருகும் துளைகள், மேலே சிறிய திரை, அதன் கீழே மூன்று பொத்தான்கள். வோல்ட், ஆம்பியர், அந்த நொடியில் இழுக்கப்படும் வாட், பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் அளவில் உண்மையான வாட் எத்தனை பங்கு என்பது), செருகியதிலிருந்து சேர்ந்த யூனிட், கடந்த நேரம் ஆகியவற்றைப் பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். யூனிட்டின் விலையை நாம் பதிந்து வைத்தால், செலவான பணத்தையும் காட்டும். விற்பவர்கள் பெரிதாக விளம்பரப்படுத்துவது இந்தக் கடைசி வசதியைத்தான். என் அனுபவத்தில் இந்தக் கருவியின் மிகப் பலவீனமான பகுதியும் அதுவே.

முதலில் யூனிட். சீட்டில் யூனிட் என்று அச்சிடப்படுவது கிலோவாட் மணி. 1000 வாட் இழுக்கும் ஒரு சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பெரிய வாட் உள்ள சாதனம் அதிகம் செலவழிக்கும் என்ற எண்ணம் பாதி மட்டுமே சரி. 2000 வாட் கெட்டில் ஒரு நாளில் ஆறு நிமிடம் ஓடினால் 0.2 யூனிட், அணைத்துவிட்டோம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் 12 வாட் செட்-டாப் பாக்ஸ் நாள் முழுவதும் ஓடினால் 0.288 யூனிட். இதைத் தாளில் எழுதிப் பார்த்து நம்புவதற்கும், திரையில் எண் ஏறுவதைக் கண்ணால் காண்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. ரிமோட்டில் அணைத்த பிறகும் எங்கள் செட்-டாப் பாக்ஸ் 12 வாட்டிலிருந்து இறங்காமல் நின்றதைப் பார்த்த அன்றே அதைச் சுவிட்சில் அணைக்கும் பழக்கம் வீட்டில் வந்துவிட்டது. முப்பது நாளில் 8.64 யூனிட் என்பது சிறிய எண் போலத் தோன்றலாம், அந்த 8.64 சீட்டில் எந்த விலைக்குக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க வீட்டு மீட்டரையே துணைக்கு எடுத்துக்கொண்டேன். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் அருகே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். என் மீட்டரில் அது 3200. எனவே ஒரு சிமிட்டல் என்பது ஒரு யூனிட்டில் 3200-இல் ஒரு பங்கு, சரியாக 1000 வாட் ஓடும்போது 1.125 நொடிக்கு ஒரு சிமிட்டல். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் என்று எழுதப்பட்ட அறை ஹீட்டரைக் கருவி வழியாக ஓடவிட்டேன். கருவி 915 வாட் காட்டியது. முதலில் கருவியைத்தான் சந்தேகித்தேன். திரையில் வோல்ட்டைப் பார்த்தபோது விடை கிடைத்தது: ஹீட்டரின் 1000 வாட் என்பது 230 வோல்ட்டுக்கு, அப்போது வந்துகொண்டிருந்தது 220. வெப்பக் கம்பியில் வாட் வோல்ட்டின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், நான்கு சதவீத வோல்ட் குறைவு எட்டரை சதவீத வாட் குறைவாகிறது. சிமிட்டல்களையும் எண்ணினேன், நூறு சிமிட்டலுக்கு ஏறத்தாழ 123 நொடி. 112,500-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் 915 வருகிறது. வீட்டு மீட்டரும் கருவியும் ஒரே பேச்சு பேசின. வீட்டு மீட்டர்கள் பெரும்பாலும் ஒரு சதவீதப் பிழை வரம்புக்குள் இருக்க வேண்டிய வகையைச் சேர்ந்தவை; அதனோடு இந்த மலிவுக் கருவி இவ்வளவு நெருங்கி நின்றது எனக்கு வியப்பே. மீட்டர் பழுது என்ற வாதம் அன்றோடு முடிந்தது.

(இந்த நூறு சிமிட்டல் சோதனைக்குக் கருவியே தேவையில்லை, கைக்கடிகாரம் போதும். கருவி வாங்கும் முன் இதைச் செய்து பார்க்கும்படி சொல்வேன். சுழலும் தட்டு உள்ள பழைய மீட்டர் என்றால், ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று அதில் எழுதியிருக்கும், கணக்கு அதேதான்.)

கருவி தன் விலையை ஈடுகட்டியது ஃபிரிட்ஜில். ஃபிரிட்ஜைச் செருகியவுடன் 110 வாட் என்று காட்டியது. அதை 24-ஆல் பெருக்கி நாளுக்கு 2.6 யூனிட் என்று முடிவு கட்டுபவர் பலர் உண்டு. அது தவறு. கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பனி உறையாத வகைகளில் அவ்வப்போது பனியை உருக்கும் ஹீட்டர் சில நிமிடம் எரிந்து வாட்டைத் திடீரென்று உயர்த்தும். அந்த நொடியின் வாட்டை விட்டுவிட்டு, குறைந்தது ஒரு நாள், முடிந்தால் ஒரு வாரம் ஓடவிட்டு, சேர்ந்த யூனிட்டைப் பார்க்க வேண்டும். ஏழு நாளில் 11.2 யூனிட், அதாவது நாளுக்கு 1.6. இது அதிகமா குறைவா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் இரவில் கதவு திறக்கப்படாத நேரத்திலும் கம்ப்ரஸர் நிற்பதே அரிதாக இருந்தது ஐயத்தைக் கிளப்பியது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் கீழ்ப்பக்கத்தில் பிடிமானமே இல்லாமல் வந்துவிட்டது. கதவு ரப்பரை மாற்றிய பிறகு அதே ஏழு நாள் சோதனையில் நாளுக்கு 1.1 யூனிட். அரை யூனிட் மிச்சம். புதிய ஃபிரிட்ஜ் வாங்க வேண்டும் என்ற பேச்சும் அத்துடன் அடங்கியது.

இனி பணக் கணக்குக்கு வருகிறேன். கருவி ஒரே ஒரு விலையைத்தான் பதியவிடுகிறது. நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் முறைக்காக இரண்டு விலைகளைப் பதியவிடும் வகைகளும் உண்டு. ஆனால் வீட்டு மின்சாரம் பல இடங்களில் படிப்படியாக விலை ஏறும் முறையில் கணக்கிடப்படுகிறது. குறைந்த பயன்பாட்டுக்குக் குறைந்த விலை, அதற்கு மேல் செல்லும் யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை. இந்த முறையை ஒரே விலையில் அடக்க முடியாது. கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு, எந்த நாட்டுப் பணமும் அல்லாத வெறும் எண்களாக, முதல் 100 யூனிட்டுக்கு விலை 2, அடுத்த 100-க்கு 4, அதற்கு மேல் 6 என்று வைத்துக்கொள்வோம். என் சீட்டில் உள்ளபடி வீட்டின் பயன்பாடு 250 யூனிட் என்றால், 200, 400, 300 ஆகிய மூன்றும் சேர்ந்து 900. முந்தைய சீட்டில் இருந்த 190 யூனிட்டுக்கு, 200-உம் 360-உம் சேர்ந்து 560. யூனிட் கூடியது 32 சதவீதம்; பணம் கூடியது 61 சதவீதம். என் சீட்டின் புதிர் இவ்வளவுதான். கூடிய 60 யூனிட்டில் ஒன்றுகூட முதல் படியின் விலைக்கு வரவில்லை. பத்து இரண்டாம் படியிலும் ஐம்பது மூன்றாம் படியிலும் விழுந்தன.

அதே சீட்டின் காலத்தில் ஃபிரிட்ஜ் மட்டும் 56 யூனிட் செலவழித்ததாகக் கொள்வோம். கருவியில் முதல் படியின் விலையான 2-ஐப் பதிந்தால், ஃபிரிட்ஜின் செலவு 112 என்று காட்டும். மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரியான 3.60-ஐப் பதிந்தால் 201.60. ஃபிரிட்ஜே இல்லாமலிருந்தால் சீட்டு எவ்வளவு குறைந்திருக்கும் என்று பார்த்தால், 194 யூனிட்டுக்கு 576 ஆகும்; குறைவது 324. ஒரே ஃபிரிட்ஜ், ஒரே யூனிட், மூன்று விடைகள். மூன்றாவது விடைதான் சேமிக்க நினைப்பவருக்கு உரியது, ஏனென்றால் நாம் குறைக்கும் யூனிட் எப்போதும் உச்சிப் படியிலிருந்துதான் கழியும். செட்-டாப் பாக்ஸின் 8.64 யூனிட்டும் இப்படித்தான் 6 என்ற விலைக்குக் கழிகிறது. ஆனால் இந்த முறையிலும் ஒரு விநோதம் உண்டு: வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனியே "இது இல்லாவிட்டால் எவ்வளவு குறையும்" என்று கணக்கிட்டு எல்லாவற்றையும் கூட்டினால், கூட்டுத்தொகை உண்மையான சீட்டைத் தாண்டிவிடும். படிமுறை விலையில் ஃபிரிட்ஜின் பங்கு இவ்வளவு, மின்விசிறியின் பங்கு இவ்வளவு என்று பணத்தைப் பிரித்துக் கொடுக்க எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே வழி கிடையாது. கருவியின் திரை மட்டும் இரண்டு தசம இடம் வரை துணிந்து சொல்கிறது. வாங்கிய இரண்டாம் வாரமே அந்தப் பொத்தானைத் தொடுவதை நிறுத்திவிட்டேன்.

படிமுறையிலேயே இன்னொரு வகை உண்டு; அங்கே நிலைமை இன்னும் கடுமை. படியைத் தாண்டியவுடன் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமின்றி முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் கூடிய விலை போடும் வகை அது. மேற்சொன்ன அதே எண்களை அந்த முறையில் வைத்தால், 200 யூனிட்டுக்கு 800, 201 யூனிட்டுக்கு 1206. அந்த ஒரு யூனிட்டின் விலை 406. உங்கள் சீட்டு எந்த வகை என்பதை விலைப் பட்டியலில் ஒருமுறை ஊன்றிப் படித்துத் தெரிந்துகொள்வது, எந்தக் கருவியை வாங்குவதையும்விட முதலில் செய்ய வேண்டியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒரு யூனிட் தாண்டிவிட்டால் எல்லாம் போச்சு என்று தேவையில்லாமல் அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள்.

யூனிட்டோடு தொடர்பே இல்லாத வரிகளும் சீட்டில் உண்டு. நிலைக் கட்டணம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் வரும். சில இடங்களில் இணைப்புக்கு இவ்வளவு என்றும், சில இடங்களில் அனுமதிக்கப்பட்ட கிலோவாட்டுக்கு இவ்வளவு என்றும் இருக்கும். எரிபொருள் விலைக்கு ஏற்ப மாறும் கூடுதல் கட்டணம், வரி, பழைய பாக்கி ஆகியவையும் சேரலாம். கணக்கெடுப்பவர் உள்ளே வர முடியாத மாதங்களில் உத்தேசமாக ஒரு அளவைப் போட்டு, அடுத்த முறை சரிக்கட்டும் வழக்கமும் உண்டு. இவை எதுவும் செருகு மீட்டரின் கண்ணுக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இவற்றுள் நான் தனியாக எடுத்துச் சொல்ல விரும்புவது நாள் கணக்கை. என் சீட்டில் இரண்டு ரீடிங் தேதிகளுக்கும் இடையே 35 நாள் இருந்தது, முந்தையதில் 30. முந்தைய வேகத்திலேயே செலவழித்திருந்தால்கூட 190 யூனிட் 222 ஆகியிருக்கும். கூடிய 60-இல் 32 யூனிட்டுக்கு ஐந்து நாள் தாமதமே காரணம். கதவு ரப்பரால் வீணானது ஏறத்தாழ 17. மீதி 11 யூனிட் வெயில் காலத்து மின்விசிறியாக இருக்கலாம். ஆக, பிள்ளைகள்மேல் விழுந்த பழி பெரும்பாலும் அபாண்டம். படிகளின் எல்லை முப்பது நாளுக்கு வகுக்கப்பட்டிருந்தால், 35 நாளுக்கு அந்த எல்லைகளையும் அதே விகிதத்தில் நீட்ட வேண்டும் என்பது எளிய நியாயம். அதாவது 100 என்பது 116.67 ஆக வேண்டும். அப்படி நீட்டிக் கணக்கிட்டால் 250 யூனிட்டுக்கு 800 தான் வருகிறது, 900 அல்ல. என் சீட்டில் எல்லைகள் நீட்டப்பட்டிருக்கவில்லை. அடுத்த ரீடிங் 25 நாளிலேயே எடுக்கப்பட்டால் சரியாகிவிடும் என்று அலுவலகத்தில் விளக்கினார்கள். அதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை, ஏனென்றால் குறைந்த நாள் வரும் சீட்டில் யூனிட் எண்ணிக்கை பெரும்பாலும் விலை உயர்ந்த படியை எட்டாமலே முடிந்துவிடுகிறது. முன்பு அங்கே கூடுதலாகக் கொடுத்தது முழுதும் திரும்பி வருவதில்லை. எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.

இதையெல்லாம் கணக்கிடும்போது எடிசன் காலத்து மீட்டர் நினைவுக்கு வந்தது. 1880-களில் அவருடைய நிறுவனம் பயன்படுத்திய மீட்டரில் துத்தநாகத் தகடுகள் ஒரு கரைசலில் தோய்ந்திருக்கும். ஓடிய மின்சாரத்துக்கு ஏற்ப ஒரு தகட்டிலிருந்து உலோகம் கரைந்து மற்றொன்றில் படியும். ஆள் வந்து தகடுகளை எடுத்துச் சென்று தராசில் நிறுத்துத்தான் பில் போடுவார்கள். வாடிக்கையாளர் படித்துப் பார்க்க அதில் எண் எதுவும் கிடையாது. நம் மீட்டரில் எண் இருக்கிறது; அது ஓடிய நாளோடும் படியோடும் சேர்ந்து தொகையாகும் இடம்தான் நமக்கு இன்னும் மங்கலாக இருக்கிறது.

கருவியால் அளக்க முடியாதவை பல. கூரையில் நேரடியாக இணைக்கப்பட்ட மின்விசிறி, விளக்கு, தனி வயரில் வரும் ஏசி, கீசர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்குப் பிளக்கே இருக்காது அல்லது கருவியின் ஆம்பியர் வரம்பைத் தாண்டிவிடும். வீட்டுச் செலவில் பெரும்பங்கு இவற்றில்தான் இருக்கிறது என்பதால் இது சிறிய குறை அன்று. இவற்றுக்கு வீட்டு மீட்டரின் சிமிட்டலை எண்ணுவதே வழி. எங்கள் பழைய மின்விசிறி முழு வேகத்தில் 75 வாட் அளவுக்கு வந்தது. நாளுக்கு 12 மணி நேரம் என்றால் மாதம் 27 யூனிட். கீசருக்கு எண்ண வேண்டிய தேவைகூட இல்லை: ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.19 கிலோஜூல் தேவை, ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு உயர்த்த 0.61 யூனிட், அதோடு தொட்டியிலிருந்து வெளியேறும் வெப்பமும் சேரும். ஏசியின் டன் என்பது வெளியேற்றும் வெப்பத்தின் அளவு, இழுக்கும் மின்சாரத்தின் அளவு அன்று. ஒரு டன் 3.5 கிலோவாட் வெப்பம் என்றாலும், அதை வெளியேற்ற ஏசி அதைவிடப் பல மடங்கு குறைவாகவே இழுக்கும்.

சிறிய வாட்டிலும் கருவி தடுமாறுகிறது. போன் இணைக்காத சார்ஜரைச் செருகினால் பூஜ்யம் காட்டுகிறது. உண்மையில் அது பூஜ்யம் அன்று. ஒன்றிரண்டு வாட்டுக்குக் கீழே காட்டும் எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை. யூனிட்டையும் இரண்டு தசம இடம் வரைதான் காட்டுகிறது; ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்தால் 0.10 என்று நிற்கும், அது 0.096-ஆ 0.104-ஆ என்று சொல்லாது. மூன்று தசம இடம் காட்டும் வகை கிடைத்தால் அதையே வாங்க வேண்டும்.

பவர் ஃபேக்டர் காட்டும் வசதி பெரும்பாலான வீடுகளுக்கு வெறும் அலங்காரம்தான், ஏனென்றால் வீட்டு மீட்டர் வழக்கமாக வாட்டையே கூட்டுகிறது. ஆனால் அது ஒரு நல்ல வேலை செய்தது. செருகினால் மின்சாரம் மிச்சமாகும் என்று விற்கப்படும் சிறு பெட்டி ஒன்றை உறவினர் ஒருவர் வாங்கியிருந்தார். நீட்டிப்புப் பலகையில் மேசை விசிறியையும் அந்தப் பெட்டியையும் சேர்த்துச் செருகிக் கருவியைப் பார்த்தோம்: பெட்டி சேர்ந்ததும் ஆம்பியர் இறங்கியது, பவர் ஃபேக்டர் ஏறியது, வாட் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே இருப்பது ஒரு கெபாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்துத் திருப்பித் தரும் சிறு பாகம். ஆம்பியரைக் காட்டி விற்கிறார்கள். சீட்டு வருவதோ வாட்டுக்கு.

கட்டமைப்பில் மூன்று குறைகள். ஹீட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டபோது ஊசிகளைச் சுற்றிச் சூடு தெரிந்தது. எனவே பெரிய சாதனங்களில் ஆள் இல்லாதபோது இதை விட்டு வைப்பதில்லை. மின்சாரம் போனால் சேர்ந்த யூனிட்டைக் காக்க உள்ளே பொத்தான் பேட்டரி இருக்கிறது, ஆனால் அது வலுவிழந்த பிறகு ஒரு மின்வெட்டில் ஆறு நாள் கணக்கு அழிந்தது. இப்போது தினமும் ஒருமுறை தாளில் குறித்து வைக்கிறேன். சாக்கெட் தரைக்கு அருகே இருந்தால் திரையைப் படிக்கத் தரையில் படுக்க வேண்டும், பின்னொளியும் கிடையாது; போனால் படம் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பணம் காட்டும் வசதியை எடுத்துவிட்டு அந்தச் செலவில் பின்னொளி வைத்திருந்தால் நான்கு. ஒரு வீட்டுக்கு ஒன்று என்று வாங்கத் தேவையில்லை. பிளக் உள்ள சாதனங்களை ஒரு சுற்று அளந்து முடித்தபின் இது பெரும்பாலும் அலமாரியில்தான் கிடக்கும். எங்களுடையது இப்போது மூன்றாவது வீட்டில், அங்குள்ள ஃபிரிட்ஜின் ஏழு நாள் சோதனையில் இருக்கிறது.